புளி காணாத தட்டு

நெல்லித்தோப்பு அகஸ்டினாவிடம் ஒரு புதுப் பொருளைக் காட்டினால் என்ன விலை என்று கேட்கமாட்டாள். யார் செய்தது, எப்படிச் செய்தது, உள்ளே என்ன இருக்கிறது என்றுதான் கேட்பாள். கேட்டதோடு விடவும் மாட்டாள். கல்யாணமான புதிதில் புருஷன் இளஞ்செழியன் ஆசையாக வாங்கித் தந்த கைக்கடிகாரத்தை ஒரே வாரத்தில் பிரித்துப் போட்டவள் அவள். பள்ளிக்கூட வேன் ஓட்டும் அந்த மனுஷர் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார். “திருப்பி மாட்டிட்டேன் இல்ல” என்பாள் இவள். மாட்டினாள்தான். கடிகாரம் ஓடவில்லை என்பது வேறு விஷயம்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை, தகட்டில் வட்டம் வெட்டுவது. அதில் ஆராய என்ன இருக்கிறது என்று தோன்றும். அவளிடம் கேட்டுப் பாருங்கள், எழுந்து வர விடமாட்டாள்.

முன்பு சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வாஷர் அடித்துக்கொண்டிருந்தாள். காலால் மிதித்தால் மேலிருந்து பன்ச் இறங்கும், கீழே வாஷர் விழும், அவ்வளவுதான். கம்பெனியை வேறு ஊருக்கு மாற்றியபோது கூட வேலை செய்த பெண்கள் அடுத்த கம்பெனியைத் தேடிப் போனார்கள். இவள் ஒரு லேத் பட்டறையைத் தேடிப் போய், அந்த மிஷினின் வேலையைக் கையால் செய்ய ஒரு சாமான் கடைந்து தர முடியுமா என்று கேட்டாள். பட்டறைக்காரர் கடைந்து தந்தார். இரண்டு எஃகுக் கட்டை, நடுவே தகடு நுழைகிற அளவுக்குச் சந்து, மேலே சிறிதும் பெரிதுமாக ஓட்டைகள், ஒவ்வொரு ஓட்டைக்கும் கச்சிதமாக ஒரு பன்ச். தகட்டைச் சந்தில் நுழைத்து, பன்ச்சை ஓட்டையில் இறக்கி, சுத்தியலால் ஒரே போடு. காசு மாதிரி ஒரு வட்ட வில்லை கீழே விழும். இரண்டாவது அடி அடித்தால் விளிம்பு பிசிறு தட்டிவிடும். நல்ல அடிக்கு ஒரு சத்தம், கெட்ட அடிக்கு ஒரு சத்தம் என்று அவள் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். இப்போதெல்லாம் வில்லையைப் பார்க்கும் முன்பே, இது தேறாது என்று காதே சொல்லிவிடும்.

அந்த வில்லைகளை வாங்கிக்கொள்கிறவள் கவிநிலா. குருசுக்குப்பத்தில் மாடியறை ஒன்றை வாடகைக்கு எடுத்து, கையாலேயே கம்மல், தொங்கட்டான் செய்து, சனி ஞாயிறுகளில் கடற்கரைப் பக்கம் விற்கிற பெண். புதுத் தகட்டு வில்லை பளிச்சென்று கண்ணைக் குத்துகிறது, பழைய பாத்திரத்துப் பித்தளைக்குத்தான் நிறம் இருக்கிறது என்று அவள் சொன்னாள். அன்றிலிருந்து அகஸ்டினா பெரிய மார்க்கெட் பக்கம் கோவிந்தசாமி பாத்திரக்கடைக்குப் போய் வருகிறாள். பழையதைப் போட்டுப் புதிது வாங்கும் வீட்டுக்காரர்கள் அங்கே கொட்டிவிட்டுப் போகும் குவியலில் தட்டையான தட்டு, தாம்பாளமாகப் பார்த்துப் பொறுக்குவாள்.

அங்கேதான் அவளுக்கு ஒரு புதுப் பித்துப் பிடித்தது. நம் ஜனங்கள் பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டாமல் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள் அல்லவா? கல்யாணம், சீமந்தம், காதுகுத்து, எல்லாமே புள்ளிப் புள்ளி எழுத்தாகப் பாத்திரத்தின் முதுகில் ஏறியிருக்கும். புளி போட்டுத் தேய்த்தால் கறுப்பு கழன்று எழுத்து ஒவ்வொன்றாக வெளியே வரும். அதைப் படிப்பதில் அவளுக்கு அப்படி ஒரு ருசி. ராத்திரிச் சோறு போடும்போது இளஞ்செழியனிடம் ஆரம்பித்துவிடுவாள்.

“இன்னைக்கு ஒரு தாம்பாளம் வந்துச்சி. ‘கோ. லட்சுமி, சீமந்தம்’னு போட்டிருக்கு. பொறந்தது ஆணா, பொண்ணா?”

“அத என்னைக் கேட்டா?”

“சும்மா ஒரு யோசனை சொல்லுங்களேன்.”

“பொண்ணு. ரசம் ஊத்து.”

படிப்பாளே தவிர, பேர் மேல் ஒருநாளும் பன்ச்சை இறக்கமாட்டாள். பேருக்குரியவர்கள் எங்கோ நன்றாக இருப்பார்கள், அவர்கள் பேரை நாம் ஏன் ஓட்டை போட வேண்டும் என்பது அவள் கட்சி. அதனால் வேலைக்கு ஒரு வரிசை வைத்திருந்தாள். முதலில் புளி, அப்புறம் படிப்பது, பேர் இருக்கிற இடத்தைக் கத்தரித்துத் தள்ளிவிட்டு மிச்சத்தைப் பட்டை பட்டையாக நறுக்குவது, பட்டைகளை அடுப்பில் காய்ச்சி விறைப்பு போக இளக்குவது, கடைசியில்தான் வெட்டு.

அந்த வரிசை ஒரே ஒருநாள் மாறிப்போனது. எல்லாம் ஒரு மீன் குழம்பால் வந்தது.

கவிநிலா அவசரம் என்று போன் பண்ணியிருந்தாள். ஒரு கடைக்காரர் வெள்ளிக்கிழமைக்குள் சரக்கு கேட்கிறார், இன்றே வில்லை வேண்டும் என்றாள். அகஸ்டினா ஒரு தட்டை எடுத்துக்கொண்டு புளி டப்பாவைத் திறந்தால், அடியில் ஒரு கொட்டை மட்டும் கிடந்தது. முந்தின நாள் இளஞ்செழியன் கவளை மீன் வாங்கி வந்து தன் கையால் குழம்பு வைத்தார். குழம்பு நன்றாகத்தான் இருந்தது. கடைக்குப் போய்வரச் சோம்பல்பட்டு, கவிநிலா எப்படியும் பாலிஷ் போடப்போகிறாள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, கறுப்புத் தட்டை அப்படியே நறுக்கிக் காய்ச்சி வெட்டிவிட்டாள். வேண்டிய அளவு வில்லை கிடைத்ததும் ஒரு பட்டை முழுசாக மிஞ்சியது. வில்லைகளை இளஞ்செழியன் வேன் போகிற வழியில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மறுநாள் புளி வந்தது. மிஞ்சிய பட்டையைச் சும்மா ஒரு தேய் தேய்த்தாள். கறுப்பு கரைந்தது. முதலில் ஒரு ‘அ’, பக்கத்தில் ஒரு புள்ளி. அப்புறம் இன்னொரு ‘அ’. ‘க’. ‘ஸ்’.

அ. அகஸ்டினா.

ஊரார் பேரையெல்லாம் இத்தனை நாள் படித்தவளுக்கு, தன் பேரை மட்டும் மூன்று தடவை படிக்க வேண்டியிருந்தது. அப்பா அந்தோணி. அவருடைய ‘அ’தான் அவளுக்கும் இனிஷியல். ஓட்டை போட்ட பட்டையைக் குப்பையிலிருந்து எடுத்து வந்து, பேர் இருந்த பட்டைக்குக் கீழே பொருத்திப் பார்த்தாள். விளிம்போடு விளிம்பு சேர்ந்தது. பேருக்கு அடியில் இரண்டாவது வரி ஒன்று இருந்திருக்கிறது. அது ஓடிய இடத்தில் வரிசையாக ஓட்டைகள். ஓட்டைகளுக்கு நடுவே மிஞ்சிய இடத்தில் ஒரு வளைவு, இரண்டு மூன்று புள்ளிகள். வருஷமும் விசேஷமும் வில்லையாகி குருசுக்குப்பம் போய்ச் சேர்ந்திருந்தன.

கோவிந்தசாமிக்குப் போன் போட்டாள். “அந்தத் தட்டாம்மா? தவளக்குப்பத்துலேர்ந்து ஒரு மூட்டை வந்துச்சே, அதுல இருந்தது. வயர்மேன் அலெக்சாண்டர்னு ஒருத்தர் வூட்டுது. வூட்டுக்கு மராமத்து பண்றாங்களாம்” என்றார் அவர்.

அலெக்சாண்டர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

அப்பா போன பிறகு அவளை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நல்ல இடம் பார்த்து, நாள் குறித்து, சீர்ப் பாத்திரம் வரைக்கும் வாங்கி அடுக்கிவிட்டார். அடுக்கிய வாரத்தில்தான் அகஸ்டினா மில் தொழிலாளி மகன் இளஞ்செழியனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். வேற்று மதம் என்பதுகூட அண்ணனுக்கு அவ்வளவு உறுத்தவில்லை, தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பதுதான். ஞாயிறு பூசை முடிந்து வந்த கூட்டத்துக்கு நடுவே, “எனக்குத் தங்கச்சி கெடையாது” என்று சொன்னார். சொன்னதைக் காப்பாற்றினார். அம்மா அடக்கத்தின்போது உப்பளம் கல்லறையில் இவள் பின்னால் ஓரமாக நின்றாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு தவளக்குப்பத்தில் வீடு கட்டிக்கொண்டு போனார், ரொம்ப நாள் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது, ஆஷ்லின் என்று கூப்பிடுகிறார்கள் என்றெல்லாம் அவர் இவர் சொல்லித்தான் இவளுக்குத் தெரியும். இரண்டு ஊர் தள்ளி இருந்துகொண்டு இருபது வருஷத்துக்கு மேல் பேசாமல் இருப்பது லேசான காரியமில்லை. இரண்டு பேருமே அதில் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள்.

இப்போது அவள் மண்டையைக் குடைந்தது ஒரே கேள்விதான். அந்த வருஷம் பத்தொன்பதில் தொடங்குகிறதா, இருபதில் தொடங்குகிறதா? பத்தொன்பது என்றால் நின்றுபோன கல்யாணத்தின் சீர்த் தட்டு. மூலையில் கிடந்ததை மராமத்தின்போது தூக்கிப் போட்டுவிட்டார்கள், கதை முடிந்தது. இருபது என்றால், அவள் போன பிறகு அந்த வீட்டில் யாரோ அவள் பேரைச் சொல்லி ஒரு தட்டு வாங்கி, பேர் வெட்டவும் கொடுத்திருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் அவளால் சோறு தின்ன முடியவில்லை.

“அண்ணன் வூடு பஸ் ஏறினா அரை மணி நேரம். போய் கேட்டுட வேண்டியதுதானே?” என்றார் இளஞ்செழியன்.

“இன்னான்னு கேக்கறது? ‘என் பேரை எதுக்குண்ணா எடைக்குப் போட்டே’ன்னா?”

“அதையே கேளு.”

“மூஞ்சிக்கு நேரா கதவ சாத்திட்டாருன்னா?”

மனுஷனைக் கேட்பதைவிட வில்லையைக் கேட்பது அவளுக்குச் சுலபமாகப் பட்டது. இரண்டு பட்டைகளையும் துணியில் சுற்றிக்கொண்டு குருசுக்குப்பத்துக்குக் கிளம்பினாள்.

கவிநிலாவின் மாடியறையில் பாலிஷ் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு, “வாங்கக்கா. அளவு கிளவு தப்பாயிடுச்சா?” என்றாள்.

“அளவு கெடக்கட்டும். நேத்து குடுத்த கறுப்பு வில்லைங்க எங்க?”

“பாதிக்கு மேல முடிச்சாச்சுக்கா.”

“புள்ளி புள்ளியா எழுத்து இருந்திருக்குமே.”

“சும்மா நாலஞ்சுலதான் இருந்துச்சி. அதுல ரெண்டை எழுத்து போக தேச்சி, குமிழ் மாதிரி குழிவா தட்டிட்டேன். ரெண்டு மட்டும் டிசைன் மாதிரி அழகா இருந்துச்சின்னு ஜோடி சேத்து மாட்டி வச்சிருக்கேன்” என்று சொல்லி, ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள்.

அட்டையில் ஒரு ஜோடி கம்மல் தொங்கியது. அகஸ்டினா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். வலது பக்கத்து வில்லையில் 20 என்று இருந்தது.

இருபது. அவள் போன பிறகுதான். அழுகை வந்துவிடும் போலிருந்தது, வந்தும்விட்டது. கவிநிலா பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கொக்கியைக் கழற்றி அந்த வில்லையைப் பட்டையின் ஓட்டையில் வைத்தபோது சிக்கென்று உட்கார்ந்தது. சந்தோஷத்தோடு அடுத்த வில்லையை எடுத்துப் பக்கத்து ஓட்டையில் வைத்தாள். அதில் ‘நன்’ என்று இருந்தது. ஓட்டைகளுக்கு நடுவே மிஞ்சியிருந்த வளைவு அதோடு சேர்ந்து ‘நன்மை’ ஆனது.

“புதுநன்மை” என்றாள் அகஸ்டினா, தனக்குத் தானே.

“அப்படின்னா?”

“எங்க கோயில்ல சின்னப் புள்ளைங்களுக்கு மொதமொதல்ல நன்மை, அதான் பூசையில தர்ற அப்பம், குடுப்பாங்க. வெள்ளை கவுனு போட்டு, தலையில முக்காடு போட்டு, கையில மெழுவத்திரி புடிச்சிக்கினு போவுங்க. வூட்ல விருந்து வைப்பாங்க. சொந்தக்காரங்க தட்டு, சொம்புன்னு குடுப்பாங்க.”

“அப்ப இது உங்களுக்குக் குடுத்ததா?”

“எனக்கு எண்பதுகள்லயே ஆயிடுச்சி. இங்க இருவதுன்னு இல்ல போட்டிருக்கு.”

பேர் அவளுடையது. இனிஷியல் அவளுடையது. வீடு அவள் அண்ணனுடையது. விசேஷம் மட்டும் அவளுடையது இல்லை.

“வேற யாராச்சும் அகஸ்டினாவா இருக்கும்க்கா. சொந்தத்துல இல்லியா?” என்றாள் கவிநிலா.

“எங்க வம்சத்துலயே நான் ஒருத்திதான்.”

கடிகாரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு ஒரு சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்த மாதிரி ஆகிவிட்டது அவள் நிலைமை. இதற்குமேல் எந்த வில்லையும் வாய் திறக்கப் போவதில்லை. கவிநிலா கொக்கியைத் திரும்ப மாட்டி, அந்த ஜோடியைக் காகிதத்தில் மடித்து அவள் கையில் திணித்து, “போய் கேட்டுட்டு வந்து எனக்கும் சொல்லுங்கக்கா. தெரியாம எனக்குத் தூக்கம் வராது” என்றாள். இந்தப் பித்து ஒட்டுவாரொட்டி போலிருக்கிறது.

மறுநாள் லீவு நாள். கடலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். பயமாகத்தான் இருந்தது, அதை மறைத்துச் சொல்வானேன்? முருங்கப்பாக்கம் தாண்டும்போது இறங்கித் திரும்பிவிடலாமா என்று நினைத்தாள். அரியாங்குப்பம் பாலத்திலும் நினைத்தாள். ஆனால் பயம் ஒரு பக்கம் இழுத்தால், தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற அரிப்பு இன்னொரு பக்கம் இழுத்தது. இருபது வருஷமாக இல்லாத தைரியத்தை ஒரு ஓட்டைத் தகடு கொடுத்துவிட்டது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? தவளக்குப்பம் சந்திப்பில் இறங்கி, பூக்காரம்மாவிடம் வயர்மேன் வீட்டுக்கு வழி கேட்டாள்.

வாசலில் மணலும் ஜல்லியும் குவிந்து கிடந்தன. கேட்டைத் திறந்தது ஒரு பெண். பதினாறு, பதினேழு வயசு இருக்கும். அந்த மூக்கும் நெற்றியும் அகஸ்டினா தினமும் கண்ணாடியில் பார்க்கிற மூக்கும் நெற்றியும். யார் வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டதற்கு, அகஸ்டினா துணியைப் பிரித்து இரண்டு பட்டைகளையும் நீட்டினாள்.

பெண் வாங்கிப் பார்த்தாள். புருவம் ஏறியது. “இது என் தட்டாச்சே. புதுநன்மைக்கு மாமா குடுத்தது. அம்மா பழசோட பழசா கடையில போட்டுட்டாங்கன்னு நேத்துகூட சண்டை போட்டேன். ஏன் இப்பிடி ஓட்டை ஓட்டையா வெட்டி வச்சிருக்கீங்க?”

“உன் தட்டா? உன் பேரு ஆஷ்லின் இல்லியா?”

“அது வூட்ல கூப்புடற பேரு. ஞானஸ்நானத்துல வச்ச பேரு அகஸ்டினா. ஸ்கூல்லயும் அதான்.”

அகஸ்டினா பெண்ணின் கையிலிருந்த பட்டைகளைத் திரும்பப் பார்த்தாள். அலெக்சாண்டருக்கும் ‘அ’தான் என்பது இந்த நிமிஷம் வரை அவள் புத்தியில் தட்டவே இல்லை. ஊர்ப் பேரையெல்லாம் ஆராய்ந்தவள், இதைக் கோட்டை விட்டாள்.

“யாரு வச்சாங்க அந்தப் பேரை?”

பெண் அவளை ஒருமாதிரியாகப் பார்த்தாள். ஆனாலும் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதுவும் வம்சத்துக் குணம்தானோ என்னவோ. “அப்பாதான். கொழந்தைக்குப் பேரு வச்சா அத்தைதான் காதுல சொல்லணுமாம். எனக்குச் சொல்ல அத்தை வரலியாம். அத்தை வராட்டி போறா, அவ பேராச்சும் வரட்டும்னு வச்சாராம். அம்மா சொல்லுவாங்க. ஆனா அவரு வாயால அந்தப் பேரைச் சொல்லவே மாட்டாரு. அதான் ஆஷ்லின்னு ஆச்சு. கோவம் வந்தா மட்டும் முழுப் பேரைச் சொல்லிக் கத்துவாரு.”

அகஸ்டினா கையிலிருந்த காகிதத்தைப் பிரித்து, இரண்டு வில்லைகளையும் அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்தாள். “உன் தட்டுலேர்ந்து வெட்டினதுதான். கம்மலாயிடுச்சி. போட்டுக்க” என்றாள். பெண் ஒரு வில்லையைத் திருப்பிப் பார்த்தாள், அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தாள், திரும்பவும் அவள் மூக்கைப் பார்த்தாள்.

“நீங்க யாரு?” என்றாள் மெல்ல.

அப்போது வீட்டுக்குள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. வயசாகிக் கொஞ்சம் கரகரத்திருந்தாலும், அகஸ்டினாவுக்கு நன்றாகப் பழகிய குரல்.

“அகஸ்டினா, கேட்டைத் தொறந்து போட்டுட்டு அங்க யார்கிட்ட பேசிக்கினு நிக்கற? உள்ள வா.”

பெண் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அகஸ்டினா செருப்பைக் கழற்றிவிட்டு, “இதோ வரேண்ணா” என்றாள்.